கவனிக்கப்படாத பாடல்களைக் கவனிக்கும் மன்றம்

என் பெயர் நாகையா. கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். எனக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு என்ன என்று மன்றத்தின் விண்ணப்பப் பாரத்தில் கேட்டிருந்தார்கள். ‘காது’ என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு வேறு ஏதாவது எழுதச் சொன்னார்கள்.

பாரம் மொத்தம் பதினான்கு பக்கம். பஸ் லைசென்ஸ் எடுக்கக்கூட நான் இவ்வளவு எழுதவில்லை. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது, நாலு பேர் கேட்கட்டும் என்று சொல்லப் போனதற்கு என் ஐசி அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, நான் நல்ல நடத்தை உள்ளவன் என்று கோயில் தலைவரிடமிருந்து ஒரு கடிதம். படம் எதற்கு என்று கேட்டேன். ஒன்று கோப்பில் ஒட்ட, இன்னொன்று முதல் படம் தொலைந்தால் ஒட்ட என்றார்கள்.

பாட்டு லோகேஸ்வரியுடையது. என் பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் பெண். வயது இருபத்தெட்டு இருக்கும். ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது அவள் போனிலிருந்து இயர்போன் கழன்றுவிட்டது. பஸ் முழுக்கப் பாட்டு கேட்டது. அவள் பதறி அமுக்குவதற்குள் நான்கு வரி ஓடிவிட்டது. நான் அடுத்த நிறுத்தத்தில் திரும்பிப் பார்த்து, “யாரு பாட்டும்மா அது?” என்று கேட்டேன்.

“என்னோடதுதான் அண்ணே. சும்மா லா,” என்றாள்.

அவளே எழுதி, அவளே கிட்டார் வாசித்து, ஆறாவது மாடி வீட்டில் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்து இணையத்தில் போட்டிருக்கிறாள். தொங்குகிற துணிகள் வெளிச் சத்தத்தைக் குடித்துவிடுமாம். கம்பெனி இல்லை, படம் இல்லை, கதாநாயகன் இல்லை. ஒரு பெண் வேலைக்குக் கிளம்புகிறாள். பாதி வழியில் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வருகிறது. திரும்பிப் போய்ப் பார்க்கிறாள். பூட்டித்தான் இருக்கிறது. மறுபடி கிளம்புகிறாள். மறுபடி சந்தேகம். அவ்வளவுதான் பாட்டு.

*பூட்டினேன்னு கை சொல்லுது*
*போய்ப் பாருன்னு மனசு சொல்லுது*
*பஸ்ஸு வந்து நிக்குது, நான் படியில நிக்கிறேன்*

இதைக் கேட்டால் எனக்கு ரமணி ஞாபகம் வரும். என் மனைவி. தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. கோயிலுக்குக் கிளம்பினாலும் சரி, கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் சரி, காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகுதான் கேட்பாள், “ஏங்க, கதவ பூட்டினேனா?” இறங்கிப் போவாள். நான் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டு திட்டுவேன். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் பாதி வழியில் கேட்டாள். அன்றும் திட்டினேன். இரண்டு வருடமாக யாரும் என்னை அப்படிக் காக்க வைக்கவில்லை. அந்த எரிச்சல் எனக்குத் திரும்ப வேண்டும். அது இந்தப் பாட்டில் மட்டும்தான் கிடைத்தது. அதனால் தினமும் பஸ்ஸில் போட்டுக் கேட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் லோகேஸ்வரி சொன்னாள், “தீபாவளிக்கு அப்புறம் அந்தப் பாட்ட எடுத்துடப் போறேன் அண்ணே. எட்டு மாசமாச்சு. தேடிப் போட்டுக் கேக்கறது நீங்க ஒரு ஆளுதான். வீட்டுல சிரிக்கிறாங்க. கிட்டாரக்கூட செந்தூல்ல இருக்கற கசின் கேட்டிருக்கான், குடுத்துடுவேன்.”

அந்த வாரம்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கைகழுவும் இடத்துக்கு மேலே ஒரு சுவரொட்டி பார்த்தேன். கவனிக்கப்படாத பாடல்களைக் கவனிக்கும் மன்றத்தின் ஆண்டு விழா. மனத்தைத் தொட்ட சுயாதீனப் பாடல்களைப் பொதுமக்கள் பரிந்துரைக்கலாம். தேர்வு பெறும் பாடலை உருவாக்கியவர் இருநூறு பேர் முன்னிலையில் கௌரவிக்கப்படுவார். இருநூறு பேர். லோகேஸ்வரி பாட, இருநூறு பேர் கேட்டால் போதும், அவள் அழிக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். பெரிய புத்திசாலி நான்.

மன்றம் மூன்றாவது மாடியில் இருந்தது. செயலாளர் வேலாயுதம் அரசாங்க வேலையில் ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மேசையைப் பார்த்தாலே தெரிந்தது. பதினொரு ரப்பர் சாப்பு முத்திரைகள் வைத்திருந்தார்.

“சார், பாட்ட ஒரு தடவ கேட்டுருங்க, நாலு நிமிஷம்தான்,” என்று நான் போனை எடுத்தேன்.

நான் பையிலிருந்து பாம்பை எடுத்தது போல அவர் நாற்காலியோடு பின்னால் போனார். “வேணாம், வேணாம். உள்ள வைங்க. சட்டவிதி ஏழு படிக்கலையா நீங்க?”

சட்டவிதி ஏழு இதுதான். ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடல்தான் கவனிக்கப்படாத பாடல். மன்றத்து நிர்வாகிகள் இருபத்துமூன்று பேர். அவர்கள் ஆளுக்கு இரண்டு தடவை கேட்டால் ஒரே நாளில் நாற்பத்தாறு ஏறிவிடும். அது மட்டும் இல்லை.

“நாங்க கேட்டா நாங்க கவனிச்சதா ஆயிடும். மன்றமே கவனிச்ச பாட்டு எப்படி கவனிக்கப்படாத பாட்டு ஆகும்? யோசிங்க,” என்றார் வேலாயுதம். “பதினெட்டு வருஷமா இந்த ஒழுங்க காப்பாத்திக்கிட்டு வரோம். ஒரு பாட்டு கேட்டதில்ல.”

“அப்ப எப்படி சார் நல்ல பாட்டுன்னு தெரிஞ்சிக்குவீங்க?”

“அதுக்குத்தான் பாரம் இருக்கு.” பேனாவைத் திறந்தார். “இப்ப எத்தன தடவ கேட்டிருக்காங்க?”

“அறுநூத்தி முப்பது காட்டுது சார்.”

“அதுல நீங்க?”

“ஒரு ஐந்நூறு இருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நாகையா, ஒரு நல்ல கவனிக்கப்படாத பாட்ட நீங்க ஒரு ஆளே கெடுத்துக்கிட்டு இருக்கீங்க. விழா வரைக்கும் கேக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. போட்டேன். என் மனதைத் தொட்ட பாட்டை இனிமேல் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ரேடியோவில் யாரோ பெருங்காயத்துக்கு விளம்பரம் பாடினார்கள். அதைக் கேட்டேன்.

அடுத்தது கேளாமைச் சான்று. உறவினர் அல்லாத பத்துப் பேர், தாங்கள் இந்தப் பாடலை ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்று ஐசி எண்ணோடு உறுதி கூற வேண்டும். என் பஸ்ஸில் வருகிறவர்கள் நாற்பது பேரும் உதவாமல் போனார்கள். நான்தான் தினமும் போட்டுக் கேட்க வைத்திருந்தேனே. செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி லோரி ஓட்டும் சிநேகிதர்கள் ஐந்து பேர் போட்டார்கள். கோயில் தலைவர் போட்டார், பாட்டு என்ன என்றே கேட்கவில்லை. கோயில் ஆட்கள் இன்னும் மூன்று பேரிடம் அவரே வாங்கிக் கொடுத்தார். பத்தாவது ஆளுக்குக் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜாகிரிடம் போனேன்.

“என்ன பாட்டுன்னே தெரியாம, கேக்கலைன்னு நான் எப்படி பாய் கையெழுத்துப் போடறது?” என்றான் அவன் என்னைப் பார்த்து. நான் பாய் இல்லை. அவன் எல்லோரையும் பாய் என்பான். “கொஞ்சம் போடுங்க, கேட்டுட்டு, கேட்டதில்லன்னு தெரிஞ்சா போடறேன்.”

“கேட்டா போட முடியாது.”

“அப்ப வாயால கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டுங்க.”

வம்பு வேண்டாம் என்று செயலாளருக்கு போன் அடித்துக் கேட்டேன். வேலாயுதம் சட்டப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. முணுமுணுப்பது அரைத் தடவைக் கணக்கு, வாய் மூடியிருந்தால் கால் தடவை என்றார். ஜாகிர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “குடுங்க பாய், பாவம் நீங்க,” என்று கையெழுத்துப் போட்டான்.

பிறகு உணர்ச்சிப் பிரிவு. ஒவ்வொரு பாடலும் என்ன உணர்ச்சியைக் கிளப்புகிறது என்று பரிந்துரைப்பவரை விசாரித்துப் பதிவு செய்வார்கள். அதற்குப் பொறுப்பாளர் மாதவி, முன்னாள் தலைமையாசிரியை. எதிரில் ஒரு பட்டியலை நகர்த்தினார். ஒன்று, தாய்ப்பாசம். இரண்டு, மொழிப்பற்று. மூன்று, சமுதாய எழுச்சி. நான்கு, பக்தி. ஐந்து, காதல், பெற்றோர் சம்மதத்துடன். ஆறு, சோகம், நம்பிக்கையில் முடிவது. ஏழு, நன்றியுணர்வு, ஆதரவாளர்கள் மீது.

“ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க நாகையா,” என்றார்.

“எரிச்சல் மேடம்.”

“எரிச்சல் உணர்ச்சி இல்ல. அது வயித்துல வர்றது.”

ரமணியைப் பற்றிச் சொன்னேன். காரில் காத்திருந்தது, திட்டியது, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவள் கேட்டது, நான் திட்டியது, வீட்டுக்குத் தனியாக வந்து பார்த்தபோது கதவு பூட்டியே இருந்தது. இதை என் தம்பியிடம்கூட நான் சொன்னதில்லை. மாதவி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பட்டியலை மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தார்.

“இதுக்கு நம்பர் இல்லையே,” என்றார் வருத்தத்துடன். “நம்பர் இல்லாதத சாமியே வந்தாலும் நான் பதிய முடியாது. அந்தக் கதவ நம்ம சமுதாயம்னு வச்சுக்கலாமா?”

“அது அந்தப் பொண்ணு வீட்டுக் கதவு மேடம். கிள்ளான்ல, ஆறாவது மாடி.”

“பூட்டு விழிப்புணர்வுதானே? சமுதாயம் விழிப்பா இருக்கணும்னு பொண்ணு சொல்றா.” மாதவியின் முகம் தெளிந்துவிட்டது. மூன்று, சமுதாய எழுச்சி என்று எழுதி சாப்பு அடித்தார். பாட்டு பிழைத்தால் போதும், எழுச்சியோ இழவோ என்று இருந்தது எனக்கு.

தேர்வானது லோகேஸ்வரியின் பாட்டுதான். அந்த வருடம் வந்த ஒரே விண்ணப்பமும் அதுதான். மற்றவர்கள் ஒன்பதாவது பக்கத்திலேயே ஓடிவிட்டார்களாம். அவளிடம் சொன்னபோது பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நெஜமாவா அண்ணே? பாடச் சொல்லுவாங்களா?” என்றாள். சொல்லுவார்கள் என்று நான் சத்தியம் செய்தேன். பாடல் விழாவில் பாடச் சொல்ல மாட்டார்கள் என்று எவன் கண்டான்.

விழா தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில். லோகேஸ்வரி நீலப் புடவை கட்டி, கிட்டாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு வாரமாகப் பயிற்சி எடுத்ததில் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. வேலாயுதம் வந்த வேகத்தில் கிட்டாரை வாங்கி, மேடையில் மாலைகள் வைக்க இடம் வேண்டும் என்று சாமான் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

நாலரை மணி வரை ஒன்றும் ஆரம்பிக்கவில்லை. மன்றத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய கமலநாதன் வரவில்லை, சிறப்பு விருந்தினரும் வரவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் நான் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பெரியவர் கடைசியில்தான் மண்டபத்துக்குள் நுழைய வேண்டும் என்பது வழக்கம். யார் பெரியவர் என்று முடிவாகாததால் ஒருவர் போகட்டும் என்று மற்றவர் காருக்குள்ளேயே ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் இரண்டு பேரையும் லிஃப்டில் ஒன்றாக ஏற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாலை போட்டார்கள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து திரிக்குப் பதினோரு பேர் வந்ததால் ஏற்றின திரியை அணைத்து மறுபடி ஏற்றினார்கள். பிறகு பொன்னாடை. நிர்வாகிகள் இருபத்துமூன்று பேரும் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டார்கள். போர்த்தினவருக்குப் போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கும் ஒன்று போர்த்தினார்கள். ஐந்தரைக்கு டத்தோ மைக்கைப் பிடித்தார்.

“சகோதர சகோதரிகளே, இந்தப் பாடலை நான் கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். என் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இன்று யார் வேண்டுமானாலும் பாடலைக் கேட்கலாம், அது எளிது. கேட்காமலே ஒரு பாடலை மதிக்கிறானே, அவன்தான் ரசிகன். நம் கலைஞர்களைச் சமுதாயம் கவனிப்பதில்லை என்று பேசுகிறார்கள். கவனித்துவிட்டால் இந்த மன்றம் எதற்கு? நம் இருபத்துமூன்று பேர் நிலை என்ன? ஆகவே அன்பர்களே, இந்தத் தங்கை மேலும் பல கவனிக்கப்படாத பாடல்களைத் தர வேண்டும்.”

கைதட்டினார்கள். லோகேஸ்வரிக்கு ஒரு பொன்னாடையும் கேடயமும் கொடுத்தார்கள். அவள் மைக் பக்கத்திலேயே நின்றாள். சாமான் அறைப் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேலாயுதம் நன்றியுரைத் தாளை எடுத்தார்.

நான் எழுந்துவிட்டேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். “சார், பாட்டு பாடணும் சார்.”

“நேரமில்லை. ஆறு மணிக்கு மண்டபத்த பிறந்தநாளுக்கு விடணும்,” என்றார் வேலாயுதம்.

“ஒரு மணி நேரம் துண்டு போத்துனீங்களே சார். நாலு நிமிஷம் குடுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டத்தோவுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் பெரிய மனிதர், சமாளித்தார். கையை உயர்த்தி, “சகோதரரின் ஆதங்கம் புரிகிறது. அந்தப் பாடலுக்கு நாம் செலுத்தக்கூடிய உயர்ந்த மரியாதை ஒன்று உண்டு. அனைவரும் எழுந்து நின்று, அந்தப் பாடலுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்,” என்றார்.

இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். தலையைக் குனிந்தார்கள். இறந்தவர்களுக்குச் செய்வதை இந்தப் பெண்ணின் பாட்டுக்கு, அவள் உயிரோடு நிற்கும்போதே செய்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. நான்தான் அவளை இங்கே கூட்டிவந்தேன்.

லோகேஸ்வரி கேடயத்தைத் தரையில் வைத்தாள். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. வாத்தியம் இல்லாமல், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட ஆரம்பித்தாள்.

வேலாயுதத்தின் வாய் திறந்தது. நிறுத்து என்று சொல்லத்தான். சொன்னால் டத்தோ அறிவித்த மௌனத்தை அவரே கலைத்ததாகிவிடும். மூடிக்கொண்டார். டத்தோ குனிந்த தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உருட்டினார். மாதவி தரையைப் பார்த்தபடி நின்றார். மேடையிலிருந்த அத்தனை பேரும் தாங்களே போட்ட மௌனத்தில் மாட்டிக்கொண்டு, கையைக் கட்டி, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஒரு பாட்டைக் கேட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து நானும் கேட்டேன். அழுதேன், ஒளிக்கவில்லை. ரமணி காரை விட்டு இறங்கி நடந்து போவது தெரிந்தது. இந்தத் தடவை நான் ஸ்டியரிங்கைத் தட்டவில்லை. மெதுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இருக்கிறேன் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா கைப்பையைத் திறந்து சாவியைத் தொட்டுப் பார்த்தார். அவரைப் பார்த்து அவர் பக்கத்திலிருந்த ஆள் சட்டைப்பையைத் தடவினார். ஒரு நிமிடம் ஆனதும் வேலாயுதம் மணியை அடித்தார். யாரும் உட்காரவில்லை. கடைசி வரி முடிந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். கைதட்ட வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் மேடையைப் பார்த்தார்கள், பிறகு தட்டினார்கள்.

டத்தோ மைக்கைப் பிடுங்கினார். இருநூறு பேர் முன்னிலையில் கேட்கப்பட்டுவிட்டதால், நிர்வாகிகளின் காதிலும் விழுந்துவிட்டதால், சட்டவிதி ஏழின்படி இந்தப் பாடல் தகுதி இழக்கிறது, விருது ரத்து செய்யப்படுகிறது என்று அறிவித்தார். வேலாயுதம் கேடயத்தை எடுத்துக்கொண்டார். பொன்னாடையையும் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். சாமான் அறையிலிருந்து கிட்டார் திரும்பி வந்தது.

லோகேஸ்வரி கிட்டாரை எடுத்துக்கொண்டு கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினாள், நான் பின்னாலேயே போனேன். “மன்னிச்சிடும்மா, உன்ன கூட்டியாந்து அசிங்கப்படுத்திட்டேன்,” என்றேன். அவள் தலையை ஆட்டினாள், எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை. கையில் போனை எடுத்து அந்தப் பாட்டு இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். அழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

அப்போது தூணுக்கு அந்தப் பக்கம் டத்தோவின் குரல் கேட்டது. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏய், நான் முன் கதவ பூட்டிட்டுத்தான் வந்தேனா, பாரு. கேட் இல்ல, கதவு. நீ பின்னாலதான இருக்க, முன்னால போய்ப் பாரு. கைய வச்சு இழுத்துப் பாரு.” கொஞ்ச நேரம் காத்திருந்தார். “பூட்டியிருக்கா? சரி.” போனைக் காதிலிருந்து எடுத்தார். காருக்குள் போகவில்லை. மறுபடி காதில் வைத்தார். “எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடு.”

லோகேஸ்வரி அவர் பேசி முடிக்கும் வரை நின்று கேட்டாள். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிட்டாரைத் தோளில் மாட்டினாள்.

“இருக்கட்டும்ணே,” என்றாள். “அழிக்கல.”